ஓடுதளத்துப் பனி

ஆண்டறிக்கையை ஆர்டிஸ் ஹௌகன்தான் எழுதுகிறாள்.
விங்கின் வரலாற்றாளர் என்பது பதவி;
மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு.
மற்ற நாட்களில் கவுண்டி அலுவலகத்தில்
நிலப்பத்திரங்களுக்கு முத்திரை குத்துகிறாள்.

"நாற்பத்தேழாம் ஆண்டு, இலையுதிர்காலம்.
இருபத்தெட்டுப் பேர், நான்கு விமானங்கள்,
வாடகைக்கு எடுத்த கோதுமைக் கிடங்கு."
இவ்வளவையும் பழைய அறிக்கையிலிருந்து பெயர்த்துவிடலாம்.
கோதுமை வாடை எப்போது போனது என்று
எந்தக் கோப்பிலும் இல்லை.
விடுப்பே எடுக்காமல் பணியில் இருந்தவை
எலிகள் மட்டும்தான்.

பிறகு எண் மாறியது.
ஸ்குவாட்ரன் குரூப் ஆனது, குரூப் விங் ஆனது,
விங் மீண்டும் குரூப்பாகச் சுருங்கி
மீண்டும் ஊதிப் பெருத்தது.
தோள்பட்டை வில்லைகளை ஒவ்வொரு முறையும்
பிரித்துத் தைத்தவர்
ஸ்டேஷன் தெருத் தையல்காரர் வாட்ஸ்லாவ் க்ரால்.
நான்காம் முறை அவர் சொன்னாராம்:
"இனி சாக்பீஸில் எழுதித் தருகிறேன்,
கையால் துடைத்துக்கொள்ளுங்கள்."

அமைப்பு வரைபடம் சுவரில் தொங்குகிறது.
உச்சியில் ஒரு கட்டம், கீழே நான்கு:
பறப்பவர்கள், பழுதுபார்ப்பவர்கள்,
சோறும் சாலையும் காவலும் பார்ப்பவர்கள்,
மருந்து தருபவர்கள்.
கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்தவை.
ஊரோ ஸ்கேலுக்கு அடங்காது.
எரிபொருள் பிரிவின் சார்ஜென்ட்
திங்கள்கிழமை காலை
கர்னலின் மகனைக் கணக்கில் பெயிலாக்குவார்.
பல் மருத்துவர் மேஜர் ஓடெல்
தன் மாமியாருக்கு சல்யூட் அடித்தாக வேண்டும்,
அதைக் காண்பதற்கென்றே
சமையல்கூடத்து ஆட்கள் ஜன்னலுக்கு வருவார்கள்.

உச்சிக் கட்டத்துக்கும் மேலே
இரண்டு கோடுகள் பிரிகின்றன.
ஒன்று கவர்னரிடம், மற்றது அதிபரிடம்.
வலது கையைத் தூக்கிய ஒரே மூச்சில்
இருவருக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்.
ஆறு கரையை உடைத்த ஏப்ரலில்
முதல் கோடு இழுத்தது.
பதினோரு நாள் மணல்மூட்டை,
தம் வீட்டுத் தரைத்தளம் மூழ்கும்போது
அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.
இரண்டாம் கோடு இழுத்தபோது பாலைவனம்.
போனவர் நூற்றுப் பத்து.
வந்தவர் எண்ணிக்கையை எழுதுமுன்
ஆர்டிஸ் எழுந்துபோய்த்
தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள்.
ஒன்று குறைவு. அவ்வளவுதான்.
அந்த ஒன்றின் கையெழுத்து
பழைய வருகைப் பதிவேட்டில்
ஐந்தாம் வரியில் சாய்ந்து நிற்கிறது.

ஜெட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.
கடைசி விமானம் கிளம்பிய அன்று
வேலியோரம் ஊரே நின்றது;
இத்தனை வருடம் சத்தத்துக்காகப் புகார் எழுதியவரும்
தொப்பியைக் கழற்றினார்.

இப்போது ஜன்னலில்லாத அறை.
ஆளில்லா விமானம் வேறொரு வானத்தில் சுற்ற,
கேப்டன் டோலெஃப் ப்ரெக்கே
இங்கே நாற்காலியில் சாய்ந்து
யாரோ ஒரு பெண் மொட்டைமாடியில்
போர்வை உதறுவதைப் பார்க்கிறார்.
மறுநாளும் அதே போர்வை.
அவள் எப்போது துவைப்பாள் என்பது
அவருக்குத் தெரியும், பெயர் தெரியாது.
ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
மகளின் கூடைப்பந்தாட்டத்துக்குப் போகிறார்.
கைதட்ட வேண்டிய இடத்தில்
சற்றுத் தாமதமாகத் தட்டுகிறார்.
இதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது.

ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு
பனிவாரி வண்டிகள் கிளம்புகின்றன.
ஓடுதளத்தைச் சுத்தமாக வைக்கும் உத்தரவை
ரத்துசெய்ய யாருக்கும் நினைவில்லை.
இரண்டு மைல் கான்கிரீட்டை வழித்துவிட்டு
லோர்னா ஷாஃபர் என்ஜினை அணைப்பாள்,
வந்திறங்க எதுவும் இல்லாத நீளத்தைக் கொஞ்சம் பார்ப்பாள்.

ஜனவரியில், பனிப்புயலில்,
நகர விமான நிலையம் மூடிக் கிடந்த ராத்திரி
குறைமாதக் குழந்தையோடு
ஒரு சின்ன ஆம்புலன்ஸ் விமானம் இங்கே இறங்கியது.
பத்து நிமிடம். எண்ணெய் நிரப்பவில்லை, பெயர் சொல்லவில்லை.

நான்கு கட்டங்களில் எதில் எழுதுவது?
கர்னலிடம் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார்.
பனி அகற்றும் செலவு, டீசல், என்ற தலைப்பின் கீழ்
கடைசி வரியாகச் சேர்த்தாள்:
"ஒரு தரையிறக்கம்."